ஏரி வற்றும் நேரத்தில் பறவை பார்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

பங்குனி பிறந்ததும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பறவை, ஏரி, ஆற்றங்கரை பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வடுவூர் ஏரிக்குக் கூட்டிப்போக நினைத்தேன். “சீசன் முடிஞ்சுபோச்சு, தண்ணியும் வத்திடும், இப்ப போய் என்னத்தைப் பார்ப்பீங்க” என்கிறார்கள் வீட்டில். அப்படியா? – ஒரு வாசகி, மன்னார்குடி

பாதி சரி அம்மா. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி மூன்றுமே காவிரித் தண்ணீரை நம்பியிருக்கும் ஏரிகள். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறார்கள். மூடிய பிறகு வரத்து நின்று, வெயில் ஏற ஏற ஏரி சுருங்கி, சித்திரையில் நடு ஏரியில் மாடு மேயும். வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன் எல்லாம் மாசி பங்குனியிலேயே கிளம்பத் தொடங்கிவிடும். கரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டித் திபெத், மங்கோலியா பக்கம் போய்த்தான் முட்டையிடும், அதற்கு நேரமாகிறது. வானம் கறுக்கும் அளவுக்கு வாத்துக் கூட்டம் வேண்டுமென்றால் மார்கழி, தையில்தான் போக வேண்டும்.

ஆனால் எனக்குப் பிடித்த காலம் இதுதான். ஏரி ததும்பி நிற்கும்போது பறவைகள் எங்கோ நடுவில் புள்ளி புள்ளியாகத் தெரியும், பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சலித்துப்போவார்கள். இப்போது மிச்சத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே மீனெல்லாம் ஒதுங்கும், மீனைத் தேடி அத்தனை பறவையும் அங்கேயே வந்து நிற்கும். கரையில் நின்று தண்ணீரிலிருந்து மேட்டை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து வாருங்கள். ஆழம் இருக்கும் இடத்தில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் முங்கி எழும், நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு நாமக்கோழி திரியும். முழங்காலளவுத் தண்ணீரில் மஞ்சள் மூக்கு நாரை நிற்கும். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, ஒரு காலால் சேற்றைக் கலக்கும், மிரண்டு ஓடும் மீன் அலகில் பட்டதுமே கவ்விவிடும். பக்கத்திலேயே கரண்டிவாயன் தலையை இடவலமாக வீசிக்கொண்டு நடக்கும். தண்ணீர் இப்போதுதான் இறங்கிப்போன சேற்றில் உள்ளான்கள், ரோஸ் நிறக் குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான், வாலாட்டி. சேறு காய்ந்து வெடித்துப் புல் முளைத்த இடத்தில் ஆள்காட்டி. அதற்கும் மேலே கரையின் கருவேல மரத்தில் பஞ்சுருட்டானும் பனங்காடையும். நூறடிக்குள் இவ்வளவும் இருக்கும், பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இன்னொன்று, இப்போது பல பறவைகளுக்கு நிறம் மாறும். சாம்பலும் வெள்ளையுமாகத் திரிந்த மீசை ஆலாவுக்கு வயிறு கறுத்து, தலையில் கருந்தொப்பி வந்திருக்கும், வடக்கே கிளம்பும் முன் அந்தக் கோலத்தில் நம் குளங்களின் மேல் சுற்றிக்கொண்டிருக்கும். மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும் மடையானுக்கு முதுகு பீட்ரூட் நிறமாகும். மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். இதையெல்லாம் தையில் போனால் பார்க்க முடியாது.

வடுவூர் தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையிலேயே இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். 1999இல் சரணாலயமானது, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் கிளம்பும் முன் தண்ணீர் இருக்கிறதா என்று அந்த ஊரில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் கவலை வேண்டாம், உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அல்லிக் குளத்துக்குப் போங்கள், வடிவாய்க்கால் மதகடியில் தேங்கி நிற்கும் பள்ளத்துக்குப் போங்கள். சரணாலயம் காய்ந்தபின் பறவைகள் அங்கேதான் வரும். விடியற்காலை ஆறு மணிக்கு முன்னால் கரையில் இருங்கள், கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், அப்போதுதான் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறமும் தெரியும். எட்டரைக்கெல்லாம் வீடு திரும்பிவிடலாம்.

அறுத்த வயலில் பெரிய வெள்ளைப் பறவைகள் கூட்டமாக நிற்கின்றன. எங்கள் ஊரில் எல்லாவற்றையும் கொக்கு என்றுதான் சொல்கிறார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? – ஒரு கல்லூரி மாணவர், கும்பகோணம்

தம்பி, முதலில் காலையும் அலகையும் பாருங்கள், உடம்பின் நிறத்தை அப்புறம் பார்க்கலாம். கறுத்த அலகு, கறுத்த கால், ஆனால் விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அலகு மஞ்சள், உருவம் குட்டை, மாடு அல்லது டிராக்டர் பின்னால் ஓடுகிறது என்றால் உண்ணிக்கொக்கு. கழுத்து வளைந்து ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நிற்பது பெரிய கொக்கு. தலை மொட்டையாகக் கறுத்து, அலகு அரிவாள் போல் கீழே வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கூட்டத்தில் பெரும்பாலும் நத்தை குத்தி நாரையாகத்தான் இருக்கும். அழுக்கு வெள்ளை உடம்பு, சிறகின் ஓரமும் வாலும் கறுப்பு. பக்கவாட்டில் நிற்கும்போது அலகைக் கவனியுங்கள், மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும், அதன் வழியே பின்னால் இருக்கும் வரப்பே தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். அதனால் கூட்டத்தில் அலகு மூடிய ஒன்றைப் பார்த்தால் வேறு சாதி என்று நினைத்துவிடாதீர்கள், அது இளசு.

அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நொறுக்குகிறது என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. நத்தையை எடுத்துச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்முனையை நத்தை மூடியின் இடுக்கில் செருகி, உள்ளே ஓட்டோடு ஒட்டியிருக்கும் சதையை அறுத்து, முழுசாக உருவி எடுத்துவிடும். இதை நீங்களே சரிபார்க்கலாம். அவை எழுந்து பறந்தபின் அந்த இடத்தில் போய்ப் பாருங்கள். வரப்போரம் நத்தை ஓடுகள் கிடக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, ஓட்டில் பெரும்பாலும் ஒரு கீறல்கூட இருக்காது. வயல் ஈரம் காய்வதற்குள் நத்தைகள் சேற்றுக்குள் புதைந்துவிடும், அதனால் இந்த நாரைகள் இப்போது அவசரமாக மேய்கின்றன. வாத்து மேய்ப்பவர்கள் பட்டியைக் கொண்டுவந்து விட்டால் வாத்தும் அதே நத்தைக்குத்தான் வரும், இரண்டும் ஒரே வயலில் மேய்வதைக் கும்பகோணம் பக்கம் நிறையப் பார்க்கலாம்.

பைனாகுலர் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது? – ஓய்வுபெற்ற ஒருவர், பாபநாசம்

எட்டுக்கு நாற்பத்திரண்டு வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, நாற்பத்திரண்டு முகப்புக் கண்ணாடியின் மில்லிமீட்டர் அளவு. பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், கை லேசாக நடுங்கினாலும் படம் ஆடும், வேண்டாம். கண்ணாடி போட்டிருப்பவர் என்றால் போட்டபடியே கடையில் பார்த்து, முழு வட்டமும் தெரிந்தால் மட்டும் எடுங்கள். அதைக்கொண்டு சூரியனைப் பார்க்கக் கூடாது, பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

உளுந்து எடுத்தாச்சு. உரத்துக்கு ஆட்டுக்கிடை போடக் கீதாரியிடமும் பேசியாச்சு. இப்போது பார்த்தால் வயல் நடுவில் ஆள்காட்டி முட்டை வைத்திருக்கிறது, கிட்டப் போனால் தலையில் கொத்த வருகிறது. முட்டையை எடுத்து வரப்பில் வைத்துவிடலாமா? – ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

எடுக்காதீர்கள் ஐயா, தயவுசெய்து. இடம் மாற்றிய முட்டையை அது பெரும்பாலும் தேடி வராது. நீங்கள் இதைக் கேட்டு எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. நாலு கட்டியும் கூழாங்கல்லும் சுற்றிலும் கிடக்கும் லேசான பள்ளத்தில், பெரும்பாலும் நாலு முட்டை, கூர்முனை உள்பக்கமாக இருக்கும்படி இடும். முட்டை மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். குஞ்சு பொரிக்க நாலு வாரம் ஆகும். பொரித்துவிட்டால் அப்புறம் பிரச்சினையே இல்லை, குஞ்சு அன்றைக்கே எழுந்து ஓடும்.

இந்த வெயிலில் அது படும் பாட்டைத் தூரத்தில் உட்கார்ந்து ஒருநாள் பாருங்கள். மதிய நேரத்தில் முட்டையின் மேல் உட்காராது, நின்றுகொண்டு நிழல் கொடுக்கும். அதுவும் போதாது என்றால் பக்கத்து வாய்க்காலுக்குப் போய் வயிற்றை மட்டும் தண்ணீரில் முக்கி, நனைந்த இறகோடு திரும்பி வந்து முட்டைகளின் மேல் அமரும், ஈரத்தில் முட்டை குளிரும். அதனால்தான் மனிதர்கள் கூட்டிற்குப் பக்கத்தில் நெடுநேரம் நிற்கக் கூடாது என்கிறோம். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் அது வெளியே கத்திக்கொண்டிருக்கும், முட்டை வெயிலில் வேகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முட்டை இருக்கும் இடத்திலிருந்து பத்துத் தப்படி தள்ளி நாலு பக்கமும் குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள், நெருக்கமாக நட்டால் காக்கைக்கும் கீரிக்கும் நீங்களே வழிகாட்டியதாகிவிடும். கீதாரியிடம் கிடையைப் பக்கத்து வயலிலிருந்து தொடங்கி இந்த வயலைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கு ஆள்காட்டியை நன்றாகத் தெரியும், சொன்னால் கேட்பார்கள். கோடை உழவுக்கு டிராக்டர் விடுவதானாலும் அந்தத் திட்டை மட்டும் விட்டு ஓட்டலாம். ஒரு குழி நிலம்கூட உங்களுக்கு நஷ்டமில்லை.

நடைபோகும் மற்ற வாசகர்களுக்கும் இது பொருந்தும். இப்போது காய்ந்த ஏரிப்படுகையில், உப்பளக் கரையில், ஆற்று மணல் திட்டில் பல பறவைகள் தரையில்தான் முட்டையிடும். ஒரு பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினாலோ, இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டிக் காட்டினாலோ, நீங்கள் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். கீழே பார்த்து, வந்த வழியே திரும்புங்கள். முட்டையைப் படம் எடுத்துப் போடவே வேண்டாம்.

ஏப்ரலில் கோடியக்கரை போனால் பூநாரை இருக்குமா? – ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பெரிய கூட்டம் அதற்குள் குறைந்திருக்கும், தண்ணீர் நிற்கும் உப்பு ஏரியில் கொஞ்சம் இருந்தாலும் இருக்கும். பூநாரைக்காக மட்டும் போகாதீர்கள். உள்ளான்கள் வடக்கே கிளம்பும் நேரம் இது, சிலவற்றுக்கு வயிறு செங்கல் நிறமாக மாறியிருக்கும், குளிர்காலத்தில் பார்த்த பறவையா இது என்று சந்தேகமே வரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு வரும் இடம் கோடியக்கரை, அதனால் காலில் வளையம் தெரிந்தால் படம் எடுத்து வனத்துறையிடம் சொல்லுங்கள். சரணாலயம் 1967இல் ஏற்பட்டது, 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

காலை ஏழு மணிக்குள் புல்வெளிக்குப் போய்விட்டால் வெளிமான் நிச்சயம். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகும் ஆண், கொம்பில்லாமல் பழுப்பாக இருப்பது பெண். ஆண் மான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு இது தன் எல்லை என்று காட்டும், அந்தக் குவியலை வண்டித்தடம் ஓரத்திலேயே பார்க்கலாம். வெயில் ஏறியதும் பாலை மரக்காட்டின் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். அங்கே திரியும் குதிரைகள் வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் தங்கிவிட்டவை, கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

கடற்கரையில் பங்குனி ஆமையின் முட்டைகளை வனத்துறை பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவதும் இதே மாதங்களில்தான். பார்க்கக் கிடைத்தால் கையில் டார்ச்சும் மொபைல் வெளிச்சமும் வேண்டாம், குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நினைத்துத் திசைமாறிப் போகும்.

கொள்ளிடத்தில் விடியற்காலையில் நாய் போல நாலைந்து மிருகங்கள் நீந்திப் போவதைப் பார்த்தேன். கரையேறி மணலில் புரண்டன. என்ன அவை? – ஒரு வாசகர், சீர்காழி

நீர்நாய். ஆற்றுநாய் என்றும் சொல்வார்கள். குடும்பமாகத்தான் திரியும், ஒன்றையொன்று கீச்சென்று விசிலடித்துக் கூப்பிடும், வால் அடியில் தட்டையாக இருக்கும். கோடையில் ஆறு ஓடுவது நின்று மடுவாகத் தேங்கும்போது மீனும் அங்கே, நீர்நாயும் அங்கே. அவை புரண்ட மணல் திட்டில் மறுநாள் போய்ப் பாருங்கள், எச்சத்தில் மீன் செதிலும் நண்டு ஓடும் பளபளக்கும், வீச்சமும் அடிக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடுவதால் அங்கே வசிக்கிறதா, வழிப்போக்கா என்று தெரிந்துவிடும்.

வலையைக் கிழிக்கிறது என்று மீனவர்களுக்கு அதன்மேல் கோபம் உண்டு, அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு, ஒரு வலையின் விலை அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் அதை அடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீங்கள் பார்த்த இடத்தை எல்லோருக்கும் பரப்பாதீர்கள். மணல் அள்ளும் வண்டி அந்தத் திட்டுக்கு வந்தால் மட்டும் வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள், திட்டும் கரையோரப் புதரும் போனால் நீர்நாயும் போய்விடும். அப்புறம், கீழணையிலிருந்து சிதம்பரம் பக்கம் வரை கொள்ளிடத்தில் முதலை உண்டு. கரையில் நின்று பாருங்கள், மடுவில் இறங்காதீர்கள்.

பாம்புக்குப் பயந்தே வயல்பக்கம் போவதில்லை. – ஒரு வாசகி, மயிலாடுதுறை

கணுக்கால் மூடிய ஷூ, கையில் ஒரு கம்பு, வரப்பில் புல்லைத் தட்டிக்கொண்டே நடை, இவ்வளவு போதும். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், எலி வளை இருக்கும் வரப்பில் உட்காராதீர்கள். குளத்தில் தலை நீட்டி நீந்துவது பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பு, விஷமில்லை. கண்ணாடி விரியன்தான் வயலில் கவனிக்க வேண்டியது, சருகிலும் வைக்கோலிலும் அசையாமல் கிடக்கும். தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனை.

எங்கள் ஊர்ச் சாலையில் கொக்கும் மடையானும் உயிரோடு கட்டி விற்கிறார்கள். கேட்டால் “காலங்காலமா சாப்பிடறதுதானே” என்கிறார்கள். மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, திருவையாறு

மனசு கேட்கக் கூடாதுதான். வேட்டையும் விற்பனையும் வாங்குவதும் எல்லாமே அந்த 1972 சட்டத்தின்படி குற்றம். இதில் இருக்கும் கொடுமையை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் பலர் அறியமாட்டார்கள். ஒரு மடையானைப் பிடித்து, இமைகளைத் தைத்து, வயலில் பார்வைப் பறவையாகக் கட்டி வைப்பார்கள். மேலே பறக்கும் கூட்டம் அதை நம்பி இறங்கும், வலை விழும். முதுகு சிவந்து, இணை சேர்ந்து, கூடு கட்டப்போகும் நேரத்தில் பிடித்தால் அந்த வருஷத்துக் குஞ்சும் சேர்ந்தே போகிறது.

விற்பவரோடு தனியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். இடம், நேரம், வண்டி எண் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்கோ மாவட்ட வன அலுவலருக்கோ போன் செய்யுங்கள், காவல் நிலையத்திலும் சொல்லலாம். ஒருவர் சொன்னால் நகராத இடத்தில் மகளிர் குழுவாகச் சேர்ந்து சொன்னால் நகரும். இன்னொரு வழி, உங்கள் ஊர் விவசாயிகளிடம் பேசுங்கள். பயிரில் பூச்சியும் புழுவும் பொறுக்க வயலில் பறவை உட்காரக் குச்சி நடச் சொல்லி வேளாண் துறையே பரிந்துரைக்கிறது. அப்படி ஒருபக்கம் வரவழைத்துக்கொண்டு மறுபக்கம் வலை போடவிடுவது நம் வயலுக்கே கெடுதல். வயல்காரர் “என் நிலத்தில் வலை கட்டாதே” என்று சொல்லிவிட்டால் பாதி வேட்டை அன்றே நிற்கும்.

பார்த்த பறவைகளை எதில் குறித்து வைப்பது? – ஒரு பள்ளி மாணவி, திருவாரூர்

ஒரு நோட்டுப் போதும் பாப்பா. தேதி, நேரம், குளத்தின் பெயர், தண்ணீர் எவ்வளவு இருந்தது, எந்தப் பறவை எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. தண்ணீர் அளவை விட்டுவிடாதே, பிறகு புரட்டிப் பார்க்கும்போது அதுதான் காரணம் சொல்லும். வீட்டில் மொபைல் கொடுத்தால் மெர்லின் செயலியில் படத்தையோ குரலையோ வைத்துப் பெயர் கண்டுபிடிக்கலாம், இபேர்ட் செயலியில் பட்டியலைப் பதிவு செய்யலாம். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர்க் குளத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணி அனுப்பலாம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை ஒரே குளத்துக்கு வாரம் ஒருமுறை போய்வா. குளத்தின் பெயரை உன் தாத்தா, பாட்டி சொல்கிற பெயரிலேயே எழுது.